கீழே உருட்டினால் மேலே எகிறும் மவுஸ்: சரிசெய்யும் முறை

வீலைக் கீழ்நோக்கி உருட்டுகிறீர்கள். பக்கம் கொஞ்சம் இறங்கி, பொசுக்கென்று மேலே எகிறுகிறது. என் மவுஸுக்கு இது வந்தபோது, டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்லித்தான் பலரும் யோசனை சொன்னார்கள். பெரும்பாலும் அது வீண்வேலை. கோளாறு இருப்பது வீலுக்குப் பக்கத்தில் உள்ள, வீல் சுற்றுவதை உணரும் என்கோடர் என்ற பாகத்தில்.

உறுதி செய்துகொள்ள, மவுஸை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் எகிறினால் மவுஸ்தான் குற்றவாளி. வயர்லெஸ் என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். கணினியில் செருகும் குட்டி ரிசீவர் யூஎஸ்பி 3 போர்ட்டில் இருந்தால் தள்ளி வையுங்கள். அந்தப் போர்ட்டின் மின் இரைச்சல் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் குழப்பும். லினக்ஸ்காரர்கள் 'லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்' (libinput debug-events) கட்டளையை ஓடவிட்டு ஒரே திசையில் மெதுவாக உருட்டினால், நடுநடுவே எண்ணின் கூட்டல்-கழித்தல் குறி மாறி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

என்கோடர் இரண்டு சிக்னல்களை அனுப்புகிறது. எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று மவுஸ் முடிவு செய்கிறது. உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகளில் அழுக்கு படிந்தாலோ தேய்ந்தாலோ அந்த வரிசை குழம்பிவிடும். திசை மாறி எகிறுவது அதனால்தான்.

கேபிளையோ பேட்டரியையோ எடுத்துவிட்டு, மவுஸைக் கவிழ்த்து, வீலைச் சுற்றிக்கொண்டே இடுக்கில் காற்றடியுங்கள். லேசான தூசி என்றால் இதிலேயே சரியாகலாம்.

சரியாகவில்லையா? திறக்க வேண்டியதுதான். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஸ்க்ரூவே கண்ணுக்குத் தெரியாது. அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளுக்குக் கீழேயோ, லேபிளுக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். லேபிளை விரலால் அழுத்தித் தடவினால் குழி தட்டுப்படும். பட்டைகளை ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்கி, மெல்லிய தகட்டால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். மடங்கிவிட்டால் திரும்ப ஒட்டாது, அதனால் அவசரம் வேண்டாம். ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் மேல்மூடியைப் படக்கென்று பிடுங்காதீர்கள். பல மாடல்களில் முன்பக்கம் கொக்கி மாட்டியிருக்கும், மூடிக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே ஒரு பட்டைக் கேபிளும் போகும். பின்பக்கத்தை மெல்லத் தூக்கி உள்ளே எட்டிப் பாருங்கள். அப்படியே ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். வீலுக்கடியில் இருக்கும் குட்டி ஸ்ப்ரிங் எங்கே இருந்தது என்பது பிறகு மறந்துவிடும்.

வீலின் அச்சு போய் நுழையும், நடுவில் அறுகோணத் துளையுள்ள சின்னப் பெட்டிதான் என்கோடர். (பெட்டியே இல்லாமல், வீலில் துளைகளும் இருபுறமும் எல்ஈடி மாதிரி இரண்டு பாகங்களும் இருந்தால் உங்களுடையது ஒளி வகை; முடியையும் தூசியையும் துடைத்தாலே போதும்.) சுழலும் பாகத்தின் விளிம்பில் காண்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) ஒரு சொட்டு விடுங்கள். துளையில் பொருந்தும் அறுகோணச் சாவியால் இரண்டு பக்கமும் நன்றாகச் சுற்றுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் ஆகும், ஆனால் என் ஓட்டு காண்டாக்ட் கிளீனருக்குத்தான். மெல்லிய குழாய் இருப்பதால் குறி தப்பாது. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். அந்தப் பிசுக்கு புதுத் தூசியை இழுத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

பின்சேர்க்கை: மூடிய பிறகு வீலை அழுத்தினால் கிளிக் ஆகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். அச்சு சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் ஸ்ப்ரிங் இடம் மாறியிருக்கிறது. சுத்தம் செய்தும் சீக்கிரமே மறுபடி எகிறுகிறது என்றால் தொடுமுனை தேய்ந்துவிட்டது. என்கோடரையே மாற்ற வேண்டும். வாங்கும் முன் பலகையிலிருந்து அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 9, 11 மி.மீ. என்று வெவ்வேறு உயரங்களில் வரும், மாறிப்போனால் வீல் சாய்ந்து நிற்கும். பெரும்பாலும் மூன்று கால்கள்தான், சால்டரிங் பழகியவருக்குச் சின்ன வேலை.