மலையில் ஸ்லாஷர் எடுக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சீசன் முடிந்து கூட்டம் வடிந்து பங்களா வாடகை கொஞ்சம் இறங்கியதும், கோத்தகிரி குன்னூர் பக்கம் வேறொரு வகை ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். கையில் ஒரு கேமரா, பையில் ஒரு முகமூடி, கூட ஏழெட்டு நண்பர்கள். எழுபது எண்பதுகளின் பாணியில் ஒரு ஸ்லாஷர் படத்தை, அதாவது முகமூடிக் கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் திகில் படத்தை, இரண்டு இரவில் முடித்துவிட்டு மூன்றாம் நாள் காலை மேட்டுப்பாளையம் இறங்கிவிட வேண்டும் என்பது திட்டம். நான் இங்கே கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். இந்த வகைப் படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம் என்று ஊருக்கே தெரியும் என்பதால், லைட் வாடகைக்கோ யோசனைக்கோ என்னிடம் வந்துவிடுவார்கள். அவர்கள் செய்கிற தப்பில் பாதி நான் ஆரம்பத்தில் செய்ததுதான், கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் வருகிறது.

பேட்டரியை சார்ஜ் போடுங்கள், மெமரி கார்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஏன் பிடித்தது என்று யோசிக்காமல் கிளம்புவது

"காசே இல்லாமல் எடுத்த படம்ணா, அதான் கெத்து" என்பார்கள். பாதி உண்மை. 1978இல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' ஏறக்குறைய 3 லட்சம் டாலரில் முடிந்த படம். கொலைகாரனின் முகமூடி கடையில் கிடைத்த 'ஸ்டார் டிரெக்' டிவி தொடர் கேப்டனின் முகம். வெள்ளை பெயின்ட் அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள், வேலை முடிந்தது. கதை நடப்பது இல்லினாயின் இலையுதிர் காலத்தில், எடுத்ததோ கலிபோர்னியாவின் வசந்த காலத்தில், அதனால் இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் திரும்ப அள்ளிக்கொண்டு போய் அடுத்த இடத்தில் கொட்டினார்கள்.

ஆனால் காசில்லாத எல்லாப் படமும் இப்படி ஆகிவிடவில்லையே. பெரிய நட்சத்திரம் நடித்தால் அவர் நடுவில் சாக மாட்டார் என்று டிக்கெட் கிழிப்பவருக்கும் தெரியும். தெரியாத முகங்களாக இருந்தால் யார் மிஞ்சுவார் என்றே சொல்ல முடியாது. இந்தச் சந்தேகம் சின்னப் படத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அப்புறம் ஒரே வீடு, ஒரே இரவு, மூன்று நான்கு பேர். பார்க்கிறவருக்கு வேறு எங்கேயும் ஓட இடமில்லை. இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கவும் வேண்டாம், அதே 1978இல்தான் இங்கே 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது, 1980இல் வந்த 'மூடுபனி'யில் கொலைகாரன் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு வருவது நம்ம ஊட்டிக்குத்தான்.

இருட்டை இருட்டாகவே எடுப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கரைவது இங்கேதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குழு வந்தது. கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களா, கணப்பு அடுப்பு, மர மாடிப்படி, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. வேறென்ன வேண்டும்? நான் இரண்டு லைட் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடவே இல்லை. "வேண்டாம்ணா, ஐஎஸ்ஓவை ஏத்திக்கிறோம், கிரெயின் நல்லா வரும், அந்தக் காலத்துப் படம் மாதிரியே இருக்கும்" என்றான் கேமரா பிடித்த தம்பி. ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி வாங்கும் திறன், கிரெயின் என்பது ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளி. மெழுகுவத்தி, கணப்பு, ஒரு டார்ச், ஐஎஸ்ஓ 12800. இருட்டு அறையில் உட்கார்ந்து கேமராவின் குட்டித் திரையில் பார்த்தபோது எல்லாருக்கும் புல்லரித்ததாம். இருக்கும், இருட்டில் எந்தத் திரையும் பளிச்சென்றுதான் தெரியும். பிறகு ஊருக்குப் போய் ஒரு சின்ன ஹாலில் புரொஜெக்டர் வைத்துப் போட்டார்கள், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உச்சக்கட்டத் துரத்தல் முழுக்க அந்த ஹாலில் தெளிவாகத் தெரிந்தது கதவுக்கு மேலிருந்த எக்ஸிட் போர்டு மட்டும்தான்.

சரி, கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று வெளிச்சத்தைக் கூட்டினார்கள். ஊதாவும் பச்சையுமாகப் புள்ளி கிளம்பியது. அதை மறைக்கக் கீறல் விழுந்த ஃபிலிம் மாதிரி ஒரு ஃபில்டர், அதற்கு மேல் மஞ்சள் நிறம். இணையத்தில் ஏற்றியபோது அந்தக் கீறலும் புள்ளியும் கலந்து, கறுப்பு இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. திரும்ப எடுக்க வேண்டுமென்றால் மறுபடி பங்களா வாடகை, மறுபடி வண்டி, ஹீரோ வேறு அதற்குள் தாடியை எடுத்துவிட்டான்.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், அந்தக் காலத்துப் படங்களைப் போல எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்தக் காலத்தவர்கள் செய்ததற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். அப்போது பரவலாகப் புழங்கிய ஈஸ்ட்மன் 5247 கலர் நெகட்டிவ் ஃபிலிமின் வேகம், அதாவது அதன் ஐஎஸ்ஓ, வெறும் 100. இன்று உங்கள் கையிலிருக்கும் கேமராவை 100இல் வைத்து ராத்திரியில் ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள், ஒன்றும் விழாது. அதனால் அவர்கள் இருட்டையே வெளிச்சம் போட்டுத்தான் உண்டாக்கினார்கள். தெருவையும் மரத்தையும் வீட்டு முகப்பையும் நீல வெளிச்சத்தில் நனைத்து, எதை மறைக்க வேண்டுமோ அதை மட்டும் கறுப்பாக விட்டார்கள். 'ஹாலோவீன்' படத்தில் கதாநாயகி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருப்பாள், பக்கத்தில் ஒரு கறுப்பு வாசல், கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை முகம் ஒன்று தெரிய ஆரம்பிக்கும். அங்கே கண் இருட்டுக்குப் பழகுவது போலத் தோன்றும். உண்மையில் ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சின்ன விளக்கை டிம்மரில் மெல்ல ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. இந்தப் படங்களின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஒன்றுமே தெரியாத இருட்டில் யார் எங்கே வந்தால் எனக்கென்ன?

ஃபிலிமின் கிரெயினும் கேமராவின் நாய்ஸும், அதாவது மேலே சொன்ன ஊதா பச்சைப் புள்ளியும், ஒன்றல்ல. கிரெயின் படம் முழுக்கப் பரவி, முகத்தின் நடுத்தர வெளிச்சத்தில்கூட உயிரோடு இருக்கும். நாய்ஸ் நிழலில் போய் அப்பிக்கொள்ளும். கிரெயின் வேண்டுமென்றால் சுத்தமாகப் படம் பிடித்துவிட்டுக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். இருட்டில் விழுந்த நாய்ஸை முழுசாக நீக்க வழியில்லை.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. எல்இடி வந்த பிறகு எல்லா ஊர் ஸ்டுடியோவின் பரணிலும் பழைய 1000 வாட் ஆலஜன் சும்மா கிடக்கிறது. கேமராவின் ஒயிட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற அமைப்பு) 3200 கெல்வினில் வைத்து, ஆலஜனுக்கு நீல ஜெலட்டின் தாள் போட்டால் அந்தக் காலத்து நிலா கிடைத்துவிடும். தாளை விளக்கோடு ஒட்டிக் கட்டாதீர்கள், கருகிவிடும். மலையில் நமக்கு இன்னொரு வசதி, விளக்கை உயரத்தில் வைக்க கிரேன் வேண்டாம். மேல்வரிசைத் தேயிலைப் பாத்தியில் நிறுத்தினாலே போதும், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழும். மூடுபனிக்குப் பின்னாலிருந்து அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும், மூடுபனியில் ஹைபீம் போடக்கூடாது என்று இங்கே ஜீப் ஓட்டும் எவரைக் கேட்டாலும் சொல்வார். 1000 வாட் என்றால் நாலரை ஆம்பியரை நெருங்கிவிடும், பழைய பங்களாவின் 5 ஆம்பியர் பிளக்கில் இரண்டைச் சொருகினால் வீடே இருண்டுவிடும், 15 ஆம்பியர் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

"பாலு மகேந்திரா சார் இயற்கை வெளிச்சத்துலதானே எடுத்தார்?" என்று உடனே கேட்பார்கள். ஆமாம், எடுத்தார். எந்த ஜன்னல், எந்த நேரம் என்று காத்திருந்து எடுத்தார். ராத்திரி ஒன்றரை மணிக்கு மெழுகுவத்தியை நீட்டிவிட்டு அவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

வேண்டுமென்றே மோசமாக எடுப்பது

பழைய படங்களைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள் செய்வது இது. நடிப்பை வேண்டுமென்றே கெடுத்து, வசனத்தை அசட்டுத்தனமாக எழுதி, 'ரெட்ரோ ப்ரோ' என்று கண்ணடிப்பது. அந்தப் படங்களில் அசட்டுத்தனம் இருந்தது, மறுக்கவில்லை, ஆனால் எடுத்தவர்கள் அதைத் தெரிந்து செய்யவில்லை, அவர்களால் முடிந்ததை முழு மூச்சாகச் செய்தார்கள், அதனால்தான் குறையோடு சேர்த்தே பிடிக்கிறது. நீங்களே கேலி செய்யும் படத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

காலத்தைப் பொருளில் மட்டும் காட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். சுழற்றும் டெலிபோன், டிரான்சிஸ்டர், அம்பாசடர் கார் எல்லாம் அழகாகப் பிடித்துவிடுவார்கள். 1980 என்று எழுத்துப் போட்ட படத்தில் அந்த அம்பாசடரின் எண்பலகை இந்தக் காலத்து முறையில் டிஎன் 43 என்றிருக்கும், பின்னால் தெருவிளக்கு வெள்ளை எல்இடியாக எரியும்.

வீட்டைக் காட்டாமல் கொலையைக் காட்டுவது

அடுக்களைக் கதவு எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே முடிகிறது என்று முதல் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட வேண்டும். அது தெரிந்தால்தான் அவள் தப்பான பக்கம் ஓடும்போது நான் நாற்காலியில் நெளிவேன். இங்கே வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்கள் பலவற்றில் குளியலறைக்கு வெளியிலிருந்து தனியாக ஒரு கதவு உண்டு, வேலையாட்கள் வீட்டுக்குள் வராமலே தண்ணீர் கொண்டுவந்து வைப்பதற்காக. கொலைகாரனுக்கென்றே கட்டிய மாதிரி ஒரு கதவு! வருகிற குழுக்களில் அதைக் கவனித்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாரும் முன்வாசலில் நின்று தாழ்ப்பாளை ஆட்டுகிறார்கள்.

முகமூடி

ஆன்லைனில் வாங்காதீர்கள். போன வருடம் வந்தவர்களும் அதையேதான் வாங்கினார்கள். மங்கி கேப்பும் தோட்டத்தில் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளும் போதும், பனியில் இருபதடி தள்ளி நின்றால் முகமே இருக்காது.

மலைவாசியை மந்திரவாதி ஆக்குவது

வேண்டாம்.

ரத்தம்

கேசரி பவுடர் கலந்தால் ரத்தம் ஆரஞ்சாகத்தான் வரும். சிவப்பு ஃபுட் கலரும், துளி நீலமும், கொஞ்சம் கோகோ பவுடரும் சர்க்கரைப் பாகில் கலக்குங்கள். இந்தக் குளிரில் பாகு இறுகும், வெந்நீர் பாத்திரத்தில் வைத்தே வைத்திருங்கள். வாயில் படாத காட்சி என்றால் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் லிக்விட் சேர்த்தால் துணியில் கறை சீக்கிரம் போகும். மரத்தரையில் போகாது, கீழே பாலித்தீன் விரிக்காவிட்டால் அட்வான்ஸை மறந்துவிடுங்கள். அளவும் முக்கியம். 1974இன் 'டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' பார்த்தவர்கள் ஆறாக ரத்தம் ஓடியதாகச் சத்தியம் செய்வார்கள், திரும்பப் பார்த்தால் திரையில் ரத்தம் மிகக் குறைவு. வெக்கையும் சத்தமும் எடிட்டிங் வெட்டுமே அந்த வேலையைச் செய்துவிட்டன.

சத்தம்

ஓநாய் ஊளையை டவுன்லோடு செய்து போடாதீர்கள், எங்கள் மலையில் ராத்திரி ஓநாய் ஊளையிடாது. சில்வண்டும் கவனம், உறைபனி விழும் ஜனவரி இரவில் பூச்சிச் சத்தமே கிட்டத்தட்ட இருக்காது, அந்த வெறுமையை அப்படியே பதிவு செய்தாலே போதும், பாதி பின்னணி இசை மிச்சம். இன்னொன்று, கேளையாடு என்கிற மான். சோலை ஓரத்தில் நடுராத்திரி அது குரைப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? நாய் மாதிரியும் இருக்கும், நாய் இல்லை என்றும் தெரியும். ரெக்கார்டரை ஜன்னலில் வைத்துவிட்டுத் தூங்குங்கள், விழுந்தால் அதிர்ஷ்டம்.

காட்டுக்குள் போவது

வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள். அனுமதி இருந்தாலும் துரத்தல் காட்சியைப் பங்களா தோட்டத்திலேயே எடுங்கள். தேயிலைக்குள் கறுப்பாக ஏதாவது நின்றால் அது உங்கள் நடிகர்தானா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விளக்கைப் போடுங்கள். காட்டெருமையாக இருந்தால் விளக்கையும் ஸ்டாண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள், காலையில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.