அளவெடுத்துச் செய்யும் சைக்கிள் பிரேம்: கொழும்பிலிருந்து ஓடர் கொடுப்பது எப்படி

கடைச் சைக்கிள் நடுத்தர உயரமான ஒருவரை மனதில் வைத்துச் செய்யப்படுவது. மிகக் கட்டையானவருக்கும் மிக நெட்டையானவருக்கும், உடல் கட்டையாகக் கால் மட்டும் நீளமாக உள்ளவருக்கும் அது எங்கேயாவது ஓரிடத்தில் வலியைக் கொடுக்கும். வெளிநாட்டுப் பிரேம் செய்பவர் ஒருவரிடம் உங்கள் அளவுக்கே கையால் செய்விக்கும் பிரேம் அதற்கு நல்ல தீர்வு. ஆனால் தையற்காரரிடம் போல "கொஞ்சம் பிடித்துத் தாங்கோ" என்று பிறகு கேட்க முடியாது. பற்றவைத்த குழாய் பற்றவைத்ததுதான். அதனால் காசு கட்டுவதற்கு முந்திய வேலைதான் பெரிய வேலை.

முதலில் ரயர்

பலர் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் ரயரிலிருந்து தொடங்குங்கள். டாம் வீதிச் சைக்கிள் கடைகளுக்கு ஒரு தடவை போய், எந்த அளவு ரயர் தாராளமாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். பக்கச் சுவரில் 37-622 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகலம். இரண்டாவது, ரிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். இரண்டாவது எண்ணை மட்டும் நம்புங்கள், இஞ்சிக் கணக்கை நம்பவேண்டாம். 28 இஞ்சி என்று விற்கும் 700சி ரயர் 622. பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயரோ 635. மவுண்டன் சைக்கிளின் 26 இஞ்சி 559, ஆனால் 26 × 1⅜ என்றால் 590. ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது.

மட்கார்ட் போடுவதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. இந்த ஊரில் மட்கார்ட் இல்லாத சைக்கிள் பாதி நாள் வீட்டில்தான் நிற்கும். "38 மி.மீ. ரயரும் மட்கார்ட்டும் சேர்ந்து ஓடவேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். வெறும் "38 ரயர்" என்றால் மட்கார்ட்டுக்கு இடம் இருக்காது.

கட்டையானவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்கவேண்டும். ஹாண்டிலைத் திருப்பும்போது முன் ரயர் கால்விரலில் தட்டுமா? கிராங்க் எனும் பெடல் கையின் நீளம் 170, பெடல் அச்சுக்கு முன்னே நீளும் சப்பாத்து ஏறத்தாழ 100, 38 அகலமான 700சி ரயரின் ஆரம் 349, மட்கார்ட்டுக்கு 10. கூட்டினால் 629 மி.மீ. கிராங்க் அச்சிலிருந்து முன் சக்கர அச்சுவரையான தூரம் இதற்குக் குறைந்தால் தட்ட இடமுண்டு. அதே அகலத்தில் 559 ரயர் போட்டால் ஆரம் 318தான், 31 மி.மீ. மிச்சம். 150 செ.மீ. உயரமானவருக்கு 700சி சக்கரம் போட்டுப் பிரேமை இழுத்து நீட்டுவதைவிடச் சிறிய சக்கரம் கேட்பதே புத்தி.

உடம்பை அளத்தல்

வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள், பாதங்கள் 15 செ.மீ. விலகியிருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகமொன்றின் முதுகைக் கவட்டில் வைத்து, சீற்றில் இருக்கும்போது அழுத்தும் அளவுக்கு மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மற்ற விளிம்பு சுவரோடு ஒட்டியிருக்கவேண்டும், சரிந்தால் அளவு பிழைக்கும். இன்னொருவர் புத்தகத்தின் மேல் விளிம்பைப் பென்சிலால் குறித்து, நிலத்திலிருந்து அந்தக் குறிவரை அளக்கட்டும். மூன்று தடவை எடுங்கள். மூன்றும் அரைச் சென்ரிமீற்றருக்குள் வராவிட்டால் மறுபடி எடுங்கள்.

அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீற்றின் மேற்புறம்வரை ஏறத்தாழ எவ்வளவு உயரம் வேண்டும் என்பது கிடைக்கும். 78 செ.மீ. கவட்டுக்கு 68.9. இது தொடக்கப் புள்ளி மட்டுமே.

இதைவிடப் பெறுமதியானது, இப்போது நீங்கள் ஓடும் சைக்கிளின் அளவுகள். சீற் உயரம், சீற் நுனியிலிருந்து ஹாண்டில் நடுவரையான தூரம், நிலத்திலிருந்து ஹாண்டில் உயரம். மூன்றையும் எழுதி, பக்கத்தில் குறையையும் எழுதுங்கள்: "ஒரு மணித்தியாலம் ஓடினால் கழுத்து பிடிக்கிறது", "உள்ளங்கை மரத்துப்போகிறது". பிரேம் செய்பவருக்கு வெறும் எண்ணைவிட இந்த வரிகள் கூடுதலாகப் பேசும்.

எடையை மறைக்காதீர்கள்

குழாயின் தடிப்பை உங்கள் எடையும் சுமையும் தீர்மானிக்கின்றன. நல்ல குரோமோலி உருக்குக் குழாய் இரு முனையிலும் 0.8 மி.மீ., நடுவில் 0.5 என்று மெலிந்திருக்கும். 60 கிலோ ஆளுக்கு அது இதமாக ஓடும். 90 கிலோ ஆள் பின் கரியரில் 15 கிலோ கட்டி ஓடினால் அதே பிரேம் வேகத்தில் நெளியும், ஹாண்டில் உதறும். ரெனால்ட்ஸ், கொலம்பஸ் என்று குழாய்க் கம்பனியின் பெயரைச் சொல்லிக் கேட்பதிலும், உண்மையான எடையைச் சொல்லிக் குழாயைப் பிரேம் செய்பவரே தெரிவுசெய்ய விடுவது நல்லது. கரியருக்கும் மட்கார்ட்டுக்கும் எம்5 திருகுத் துளைகள், போத்தல் கூடுகள் எத்தனை என்பதையும் இப்போதே சொல்லுங்கள்.

பாகங்களில் புதுமை தேடவேண்டாம். கிராங்க் அச்சுச் சுழலும் கூடான பொட்டம் பிரக்கெற்றுக்கு 68 மி.மீ. அகலத்தில் பிஎஸ்ஏ எனும் வழக்கமான மரை, சீற்றைத் தாங்கும் தண்டான சீற் போஸ்ற்றுக்கு 27.2 மி.மீ. விட்டம். தேய்ந்தால் மாற்றுப் பொருள் தேடி அலையவேண்டியிருக்காது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை வேறிடத்தில் வாங்குவதாக இருந்தால் அதன் நீளத்தை முன்கூட்டியே கொடுங்கள். 10 மி.மீ. கூடினாலே ஹாண்டில் குழாயின் (ஃபோர்க் நுழையும் முன் குழாயின்) கோணம் அரைப் பாகை சரிந்துவிடும்.

உப்புக்காற்று

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். உருக்குப் பிரேம் பெரும்பாலும் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. மழைநீர் சீற் குழாய் வழியே இறங்கி அடியில் தேங்குகிறது. பொட்டம் பிரக்கெற்றின் அடியில் 4 மி.மீ. வடிதுளை கேளுங்கள். பித்தளை வைத்து ஒட்டும் பிரேமானால், ஒட்டும்போது பூசிய ஃபிளக்ஸ் பசையைப் பிறகு சுடுநீரில் ஊறவைத்து முழுதாகக் கழுவுவாரா என்று கேளுங்கள். உள்ளே மிஞ்சிய ஃபிளக்ஸ் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். நிறத்தைப் படம் காட்டிச் சொல்லாதீர்கள், ரால் (RAL) எனும் நிற அட்டவணையின் எண்ணைக் கொடுங்கள். ஒரே நீலம் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரித் தெரியும்.

வரைபடம்

முற்பணம் கட்டியதும் வரைபடம் வரும். அவசரப்படாமல் ஒருநாள் வைத்துப் பாருங்கள். ரயரின் விட்டமும் அகலமும், கிராங்க் நீளம், சீற் உயரம், முன் அச்சுத் தூரம், பின் சக்கர அச்சு அகலம், துளைகளின் எண்ணிக்கை: நீங்கள் எழுதிக் கொடுத்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் குறியிடுங்கள். விளங்காத எண் ஒன்றிருந்தால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. "சரி" என்று எழுதி அனுப்பிய பிறகு வரும் பிழை உங்கள் கணக்கில்தான் சேரும்.

பெட்டியும் சுங்கமும்

கூரியர் நிறுவனங்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, எது கூடவோ அதற்கே பணம் எடுப்பது வழக்கம். 100 × 20 × 60 பெட்டி 24 கிலோவாகக் கணக்காகும், உள்ளே இருப்பது 4 கிலோவானாலும். சுங்கம் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் கூட்டித்தான் வரி போடுகிறது. ஆகவே பெட்டி சிறுத்தால் இரண்டு பக்கமும் இலாபம். பிரேமும் ஃபோர்க்கும் 8714.91 என்ற சுங்க எண்ணின் கீழ் வரும். வரிவீதங்கள் மாறுவதால் ஓடர் கொடுக்கும் வாரத்திலேயே சுங்கத் திணைக்களத்தின் அட்டவணையில் இந்த எண்ணைப் பாருங்கள். விலையைக் குறைத்துப் பற்றுச்சீட்டு எழுதக் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம். வழியில் பிரேம் நசுங்கினால் அந்தக் குறைந்த விலைக்குத்தான் நட்டஈடும் கேட்கலாம்.

பின் சக்கரம் பூட்டும் இரு கால்களுக்கிடையே முட்டுக்கட்டை வைத்துப் பொதிசெய்யச் சொல்லுங்கள். அது இல்லாமல் வந்து கால் ஒடுங்கிய பிரேம்கள் ஏராளம்.

வந்து சேர்ந்ததும்

பிரிக்குமுன் பெட்டியின் ஆறு பக்கமும் படமெடுங்கள். பிறகு ஒரு நூல் எடுத்து, பின் அச்சுப் பூட்டும் ஓர் இடத்தில் கட்டி, ஹாண்டில் குழாயைச் சுற்றி, மற்றப் பக்கத்தில் அதே இடத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாயிலிருந்து நூல்வரை இரு புறமும் அளந்தால் வித்தியாசம் 1 மி.மீ. அளவில் இருக்கலாம். 3 வந்தால் பாகம் எதையும் பூட்டவேண்டாம், படத்தோடு எழுதி அனுப்புங்கள். பொட்டம் பிரக்கெற்றின் மரையில் பெயின்ற் படிந்திருந்தால் பலத்தால் முறுக்காமல் மரை துப்புரவாக்கும் கருவி உள்ள கடையில் கொடுங்கள். வலப்பக்க மரை இடஞ்சுழியாக இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதை மறந்து புது மரையை அழித்தவர்கள் உண்டு.

பூட்டுவதற்கு முதல்நாள் குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் அடித்து, பிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, இரவு முழுதும் வடியவிடுங்கள். அலுமினியச் சீற் போஸ்ற்றுக்குக் கிரீஸ் பூசியே இறக்குங்கள். கடலோரத்தில் ஆறு மாதத்துக்கொரு தடவை அதை வெளியே இழுத்துத் துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும். விட்டுவிட்டால் குழாயோடு இறுகிப் பிடித்து, பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டி வரும். இழுக்குமுன் சீற் உயரத்தை ரேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.