வீட்டுப் பூனையின் சத்தமும் சேட்டையும்: எதற்குச் சிரிக்கலாம், எதற்கு மருத்துவரிடம் ஓட வேண்டும்

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அவ்வளவாக 'மியாவ்' என்று பேசிக்கொள்வதில்லை. அது குட்டி தாயைக் கூப்பிடும் சத்தம். பால்குடி மறந்ததும் பூனைகளுக்கிடையே கிட்டத்தட்ட நின்றுபோகும். சோறு போடும் மனிதரிடம் மட்டும் ஆயுள் முழுக்கத் தொடரும். எந்தச் சத்தத்துக்கு நீங்கள் எழுந்து வருகிறீர்களோ அதைப் பூனை பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் வீட்டுப் பூனை கத்துவதும் எதிர்வீட்டுப் பூனை கத்துவதும் வேறு வேறு. பூனை மொழியை மொழிபெயர்த்துத் தருகிறோம் என்னும் செல்போன் செயலிகள் பொழுதுபோக்குக்கு மட்டும்தான்.

சத்தம் வரும்போது வாலையும் காதையும் பாருங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் கத்துகிறது என்பதையும் கவனியுங்கள். ஒரு வாரத்துக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்தால் போதும்: எப்போது கத்தியது, எவ்வளவு சாப்பிட்டது, பூனை கழிக்கும் மண் தட்டில் சிறுநீர் பட்டு உருண்ட மண் கட்டிகள் எத்தனை. பெரும்பாலான பூனைகளுக்கு நாளுக்கு 2 முதல் 4 கட்டிகள் இருக்கும். வழக்கம் தெரிந்தால்தான் வழக்கம் மாறுவது கண்ணில் படும்.

கர்கர் சத்தம்

குரல்வளையில் உண்டாகும் இந்த ஒலி மூச்சை இழுக்கும்போதும் வரும், விடும்போதும் வரும். விநாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 30 அதிர்வுகள். மடியில் கால் மடக்கி, கண் பாதி மூடிக் கிடக்கும்போது வந்தால் சுகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குட்டி போடும்போதும், எலும்பு முறிந்து கிடக்கும்போதும், சாகக் கிடக்கும்போதும்கூடப் பூனை கர்கர் என்னும். கட்டிலடியில் முதுகைக் கூனிக்கொண்டு, சாப்பாட்டைத் தொடாமல் கர்கர் என்றால் அது வலியாக இருக்கலாம்.

பசிக்கும்போது வரும் கர்கர் தனி ரகம். அதற்குள் குழந்தை அழுகை போன்ற மெல்லிய உச்சக்குரல் ஒன்று கலந்திருப்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் பதிவுசெய்தார்கள். விடிகாலையில் அந்தச் சத்தத்தை ஒதுக்கிவிட்டுத் தூங்க முடியாமல் போவதற்கு அதுதான் காரணம்.

தடவிக்கொண்டிருக்கும்போதே கடிப்பது

'திடீரென்று கடித்துவிட்டது' என்பார்கள். திடீரென்று எதுவும் நடப்பதில்லை. முதலில் வால் நுனி மட்டும் துடிக்கும், ஒரு விரலளவு. அடுத்து முதுகுத் தோல் காற்றில் ஆடும் துணி போல அலையும். பிறகு காதுகள் பக்கவாட்டில் தட்டையாகத் திரும்பும். கர்கர் சத்தம் நிற்கும். தலை கைப்பக்கம் திரும்பும். கடைசியில்தான் கடி. வால் நுனி துடித்தவுடனேயே கையை எடுத்துவிட வேண்டும். மூன்று முறை தடவுங்கள், கையை எடுங்கள், காத்திருங்கள். தலையால் முட்டினால் தொடரலாம். இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்கள் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வயிற்றைக் காட்டி மல்லாந்து படுப்பது உங்களை நம்புகிறது என்பதற்கான அடையாளம். 'வா, வயிற்றைத் தடவு' என்ற அழைப்பாக அதை எடுத்துக்கொண்டால் கையில் கீறல்தான் மிஞ்சும்.

ராத்திரி ஓலம்

பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று தண்ணீர் ஊற்றி விரட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது பருவத்துக்கு வந்த பெட்டையின் குரலாகவோ, அதைத் தேடிவந்து சண்டையிடும் கடுவன்களின் குரலாகவோ இருக்கும். பெட்டை 5, 6 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். தரையில் உருளும், முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கும், வாலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு பின்னங்கால்களால் மிதிக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் இடுப்பு ஒடிந்துவிட்டதோ என்று பயந்துபோவதுண்டு. ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். பகல் நீளம் பெரிதாக மாறாத நம் பக்கத்தில் இது வருடம் முழுக்க நடக்கும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும். தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சைதான்.

கருத்தடை செய்த பூனையும் விடிகாலை 4 மணிக்குக் கத்துகிறதா? விடியலும் அந்தியும் பூனையின் வேட்டை நேரம். படுக்கப்போகும் முன் 10, 15 நிமிடம் கயிற்றில் கட்டிய பொம்மையைத் துரத்தவிடுங்கள், உடனே சாப்பாடு வையுங்கள், பிறகு விளக்கை அணையுங்கள். விடிகாலையில் கத்தினால் எழாதீர்கள், அதட்டாதீர்கள். அதட்டலும் அதற்கு ஒரு பதில்தான். முதல் சில நாட்கள் கத்தல் கூடும். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். ஆறாம் நாள் மனமிரங்கிச் சோறு வைத்தால், ஆறு நாள் கத்தினால் சோறு கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்தியதாகிவிடும்.

10 வயதைத் தாண்டிய பூனை புதிதாக இரவில் ஓலமிட்டால் இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம். நிறையச் சாப்பிட்டும் இளைத்துப்போகிறது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். கண்ணின் பாவை (நடுவில் உள்ள கறுப்புப் பகுதி) விரிந்தே இருந்து பொருட்களில் முட்டிக்கொண்டால் ரத்த அழுத்தத்தால் பார்வை போயிருக்கலாம். காது மந்தமானாலும் தன் குரல் தனக்கே கேட்காமல் உரக்கக் கத்தும். ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

மண் தட்டில் உட்கார்ந்து கத்தினால்

இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடுவன் பூனை தட்டுக்குப் போகிறது, உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, வருகிறது, ஐந்து நிமிடத்தில் மறுபடி போகிறது. இடையிடையே குறியை நக்குகிறது. வீட்டில் 'மலச்சிக்கல்' என்று முடிவுசெய்து விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். அதிலேயே ஒரு நாள் வீணாகிவிடும். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கருத்தடை செய்த கடுவனுக்கும் இது வரும். முழுதாக அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறும். இரண்டொரு நாளில் உயிரே போகலாம்.

மண்ணைக் கிளறிப் பாருங்கள். புதிய ஈரக் கட்டி இல்லை, அல்லது சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து இருக்கிறது என்றால் அப்போதே கிளம்புங்கள், நள்ளிரவானாலும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடக்கூடும். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கும். குணமானபின் உலர் தீவனத்தை மட்டும் நம்பாமல், உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழியோ மீனோ அந்தத் தண்ணீரோடு கலந்து கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

நின்றபடி வாலை விறைத்து நடுக்கிச் சுவரில் பீய்ச்சினால் அது அடைப்பு இல்லை, எல்லை குறிக்கிறது. அந்த இடத்தைப் பினாயில் போட்டுக் கழுவினால் நக்கும் பாதம் வழியாக விஷம் உள்ளே போகும். சிறுநீர்க் கறைக்கென்றே விற்கும் நொதி (என்சைம்) திரவத்தால் துடையுங்கள்.

இருமலா, முடி உருண்டையா

தரையோடு ஒட்டிக் கழுத்தை நீட்டி 'ஹக் ஹக்' என்கிறதா? வயிறு குலுங்கி, கடைசியில் ஈரமான முடிச் சுருள் வந்து விழுந்தால் கவலையில்லை. ஒன்றுமே வராமல் வாரத்தில் பலமுறை நடந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணிப் புகையை நிறுத்திப் பாருங்கள். நடக்கும்போதே செல்போனில் 30 விநாடி வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவமனையில் பூனை பெரும்பாலும் இருமிக் காட்டாது. நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் அதைத் தாண்டினால் காட்டுங்கள். வாயைத் திறந்து நாய் போல மூச்சிரைத்தால் அவசரம். தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றாலும் அவசரம். அன்பாக உரசுகிற பூனை உரசிவிட்டு நகரும், சுவரோடு நிற்காது.

விட்டுவிட வேண்டியவை

டியூப்லைட் அடியில் பல்லியைப் பார்த்துத் தாடை நடுங்க 'கக்கக்கக்' என்பது எட்டாத இரையைப் பார்த்த பரபரப்பு. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போர்வையை மாவு பிசைவதுபோல மிதிப்பது, தாய் மடியில் பால் சுரக்க மிதித்த பழக்கம். செருப்பை மோந்துவிட்டு வாயைப் பிளந்து நிற்பது, மேலண்ணத்தில் உள்ள தனி உறுப்புக்கு வாசனையை இழுப்பது. மலம் கழித்ததும் வீடு முழுக்க ஓடுவது ஆரோக்கியமான பூனையிடமும் உண்டு. கத்திக்கொண்டே கழித்தால்தான் கவனிக்க வேண்டும். கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல இமைத்தால் நீங்களும் மெல்ல இமையுங்கள். அப்படி இமைக்கும் மனிதரிடம் பூனை அதிகம் நெருங்குவதை 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருளாது, ஆனால் உங்கள் மேல் அதற்கு நம்பிக்கை உண்டு என்று தெரிந்துகொள்ளலாம்.

தொட்டியில் களை பிடுங்கும்போது குப்பைமேனி வேரை மோந்து பூனை தரையில் புரண்டால் பதறாதீர்கள். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயரே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து உடம்பை நக்கிக்கொண்டு போய்விடும்.