முக்காட்டை விலக்காதீர்கள்: ‘ங்’ மேஜைக்கு வரும்போது நாம் செய்யும் தவறுகள்

கும்பகோணத்தில் அரசலாற்றை ஒட்டிய ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேர் பாத்ஃபைண்டர் ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேஜை ஆட்டம் அது. விதிப்புத்தகம் ஆங்கிலம், ஆட்டம் தமிழ். கதையை நடத்தும் ஜிஎம் நான்தான். ஒரே ஒரு கதாபாத்திரத்தை மூன்று முறை சொதப்பி, நான்காவது முறைதான் ஓரளவு சரியாகக் கொண்டுவந்தேன். அந்தச் சொதப்பல்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கதாபாத்திரம் ங், முக்காடிட்டவர். பாத்ஃபைண்டர் கதைகள் நடக்கும் கோலாரியன் உலகத்தில் ‘முதல் உலகம்’ என்று ஒன்று உண்டு. தெய்வங்கள் மனிதர்களின் உலகத்தைப் படைக்கும் முன் எழுதிப் பார்த்த கைப்பிரதி அது. எழுதிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே எல்டெஸ்ட் எனப்படும் அரைத்தெய்வங்கள் ஒன்பது பேர். லேன்டர்ன் கிங்கின் பங்கு சிரிப்பும் குறும்பும் உருமாற்றமும். ஷைகாவின் பங்கு காலமும் மறுபிறவியும். ங்-இன் பங்கு மூன்று: பருவங்கள், ரகசியங்கள், நாடோடிகள்.

தவறு பெயரிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் என், ஜி என்று இரண்டே எழுத்து. ‘நிக்’ என்று கூப்பிட்டுப் பார்த்தோம். ஒருவன் ‘என்ஜி சார்’ என்றான், ஏதோ மின்வாரிய அதிகாரி மாதிரி. வேறு யார் திணறினாலும் நாம் திணறலாமா? இதற்கென்றே நம்மிடம் ஓர் எழுத்து சும்மா கிடக்கிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். எங்கேயும் முதலில் வராத ஓர் எழுத்து தனியாக ஒரு பெயராகவே நிற்பது இந்த ஆளுக்கு எவ்வளவு பொருத்தம்! இப்போது எங்கள் மேஜையில் மூக்கால் ஓர் ஒலி, அவ்வளவுதான். இன்னொரு வசதியும் தமிழில் இருக்கிறது. ‘அவர்’ என்று சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகத்து மாய இனத்தாரைக் குறிக்கும் ‘ஃபே’ என்ற சொல்லைத் ‘தேவதை’ என்று மொழிபெயர்ப்பது அடுத்த தவறு. அந்தச் சொல்லைக் கேட்டதுமே வெள்ளை கவுனும் இறக்கையும் மந்திரக்கோலும் கண்முன் வந்துவிடும், பிறகு எதைச் சொன்னாலும் பயம் வராது. நான் ‘அணங்கு’ என்று மாற்றினேன். அழகும் வருத்தமும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் வேலை பாதி முடிந்தது.

இனி பெரிய தவறு.

முதல் முறை ங் வந்தது கோலாரியனில் உள்ள நார்ல்மார்ச்சஸ் காட்டில், ஓர் ஆற்றுத்துறையில். என் மேஜையில் டிப்ளமோ படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனுக்கு மர்மம் என்றாலே கை அரிக்கும். “அண்ணே, நான் முக்காட்டை இழுக்கறேன்” என்றான். இருபது முகப் பகடையை உருட்டினான். இருபதே விழுந்தது, அதற்கு மேல் எண்ணே கிடையாது. மேஜையே எழுந்து கத்தியது. அந்தச் சத்தத்தில் நான் மயங்கிவிட்டேன். இருபது விழுந்திருக்கிறதே, ஏதாவது கொடுக்க வேண்டாமா? மரப்பட்டை போன்ற தோல், வெள்ளிக் கண்கள் என்று ஒரு முகத்தை வர்ணித்தேன். நன்றாகத்தான் வர்ணித்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இரண்டு நொடி அமைதிக்குப் பிறகு ஒருவர் “ஓ… இவ்ளோதானா?” என்றார். அதற்கப்புறம் நான்கு வாரம் ங் எங்கே வந்தாலும் “வெள்ளிக்கண்ணன் வந்துட்டான்” என்றார்கள்.

அடுத்த முறை எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். எதையுமே முடிவு செய்யவில்லை. என்ன கேட்டாலும் “அது ரகசியம்”, “காலம் சொல்லும்” என்று ஒரு குரலில் இழுத்தேன். ஜிஎம்முக்கே பதில் தெரியாது என்பதை ஆடுபவர்கள் பத்து நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். அங்கே ரகசியம் என்று காட்டுவது என்ன? திரை விலகுகிறது, பொன் வில்வ மாலை தொங்குகிறது, அதற்குப் பின்னால் வெறும் வெளி. இருந்தும் அதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. திரை எங்கே, எப்போது விலகும், யார் விலக்குவார், மாலை எப்படித் தொங்கும் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. சுற்றிலும் எல்லாம் உறுதியாக இருப்பதால்தான் நடுவிலிருக்கும் வெறுமைக்குக் கனம் வருகிறது. ங்-ஐ நான் பிடித்தது இந்த இடத்தில்தான். முக்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை. வெளியே உள்ளது அத்தனையும் எழுதி வைத்திருக்கிறேன்: எந்தக் கையை முதலில் நீட்டுவார், நெருப்புக்கு எந்தப் பக்கம் உட்காருவார், எந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வார், எதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். இவை ஒருபோதும் மாறாது. இருபது விழுந்தால் என்ன செய்வது என்றும் எழுதியாகிவிட்டது: முக்காடு கையோடு வரும், உள்ளே இன்னொரு முக்காடு இருக்கும், இழுத்தவனுடைய ரகசியம் ஒன்று அவருக்குத் தெரிந்துபோகும். இது புத்தகத்தில் இல்லாத, என் சொந்தச் சரக்கு. நீங்கள் வேறு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முக்காடு என்றதும் இருட்டை ஏற்றிவிடும் பழக்கமும் உண்டு. நிழல், துரோகம், நாடுகடத்தப்பட்டவர்கள் எல்லாம் கவுன்ட் ரனால்க்கின் பங்கு. சோகம், தனிமை, மறக்கப்பட்டவை எல்லாம் லாஸ்ட் பிரின்ஸுடையவை. ஒன்பது பேருக்கும் இலாகா பிரித்துக் கொடுத்திருக்கும்போது ஒருவர் தலையில் மூன்று பேர் வேலையை ஏன் கட்ட வேண்டும்? பழைய விதிகளில் ங் நியூட்ரல், அதாவது நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. 2023 விதித் திருத்தத்தில், கதாபாத்திரத்தின் குணச்சார்பைக் குறிக்கும் அலைன்மென்ட் என்ற கட்டமே போய்விட்டது. நல்லவரா கெட்டவரா என்று கேட்கும் ஆட்டக்காரரிடம், “அந்தக் கேள்வியை விதிப்புத்தகமே கைவிட்டுவிட்டது” என்று சொல்லிவிடுவேன்.

பருவங்களுக்கு வருகிறேன். இங்கேதான் டெல்டாக்காரர்களான நாம் அதிகம் சறுக்குகிறோம். புத்தகத்தில் பனிப்பொழிவு, இலையுதிர் காலம் என்று இருக்கும். அதை அப்படியே வாசிப்போம். என் மேஜையில் பனி விழுந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. “காடெங்கும் வெண்பனி” என்றால் தலையாட்டுவார்கள், உள்ளே ஒன்றும் அசையாது. அதற்காக நார்ல்மார்ச்சஸைத் திருவையாறாக மாற்றவும் கூடாது. கதை அங்கேயே இருக்கட்டும், புலன் மட்டும் நம்முடையதாக இருந்தால் போதும்.

ஜூன் 12, மேட்டூர் திறக்க வேண்டிய நாள். கல்லணையில் பிரித்து விட்ட தண்ணீர் கிளை வாய்க்காலுக்கு வந்து சேரும்போது அதன் முனையைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் வருவது தண்ணீரே இல்லை. சருகு, உமி, நுரை, செருப்புத் துண்டு, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு பழுப்பு விளிம்பு நடை வேகத்தில் நகர்ந்து வரும். வெடித்த மண்ணுக்குள் இறங்கி நின்று, குமிழி விட்டு, நிரம்பியதும் அடுத்த வெடிப்புக்குப் போகும். எறும்புகள் கரையேறும். மண் வாசனை தண்ணீருக்கு முன்னால் வந்துவிடும். ங் வருவதை நான் இப்படித்தான் சொல்கிறேன். உறைபனிக் காட்டில், காலடியில் மட்டும் ஒரு பழுப்பு விளிம்பு நகர்கிறது, எறும்புகள் பூட்ஸில் ஏறுகின்றன. பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை, அந்தத் தம்பி காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான்.

பருவ தெய்வம் என்றால் புயலையும் வெயிலையும் ஏவுவார் என்று நினைப்பது இன்னொன்று. மந்திரவாதி யார் வேண்டுமானாலும் அதைச் செய்வார். பருவத்தில் பயங்கரமானது அதன் கெடு. மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்கத் துலா முழுக்கு, மாதக் கடைசியில் கடைமுகம். மாதம் முடிந்த பிறகு நடக்க முடியாத ஒருவர் தாமதமாக வந்து சேர்ந்தார், அவருக்காக இன்னும் ஒரு நாள் கொடுக்கப்பட்டது என்பார்கள். கார்த்திகை முதல் நாள் அதனால் முடவன் முழுக்கு. ங்-இடம் என் ஆட்டக்காரர்கள் வாங்கியதும் அதுதான்: ஒரே ஒரு நாள், இலையுதிர் காலத்தின் கடைசியில் ஒட்டவைத்த நாள். சம்பா அறுவடைக்கு ஒரு நாள் மழை தள்ளிப்போனால் என்ன விலை கொடுப்பார் என்று எந்த மிராசுதாரையும் கேட்டுப் பாருங்கள். தீப்பந்து மந்திரத்தைவிடப் பெரிய வரம் அது.

விலையைப் பொன்னில் கேட்காதீர்கள். ரகசியத்தில் கேளுங்கள். ஆனால் இங்கே நான் செய்த தவறு சிரிப்பதற்கில்லை. “ஆளுக்கொரு ரகசியம் எழுதி மடிச்சுக் குடுங்க” என்று சீட்டுகளை நீட்டினேன். கதாபாத்திரத்தின் ரகசியம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. ஒருவர் தன் வீட்டு விஷயத்தையே எழுதிவிட்டார். பிரித்ததும் தெரிந்தது. சத்தமாக வாசிக்க வாயெடுத்தவன், “ங் இதைத் தன்னோட வச்சுக்கறார்” என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டம் முடிந்து பாலத்தில் நின்று கிழித்தேன். அவரும் பக்கத்தில்தான் நின்றார், இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது சீட்டின் மேலேயே கதாபாத்திரத்தின் பெயரை நான் எழுதித்தான் கொடுக்கிறேன்.

நம்மூர் எல்லைச்சாமியாக மாற்றிவிடும் ஆசையும் எழும். அய்யனாருக்கு ஊர் உண்டு, குதிரை உண்டு, என்ன படைக்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். ங் நாடோடிகளின் தெய்வம். இரண்டும் ஒட்டாது. மேஜையில் யாருக்காவது அது குலதெய்வமாக இருந்து, அதைப் பகடையில் உருட்டினால் முகம் வேறு சுருங்கும்.

சண்டைக்கு இழுக்கிறார்களா? எவ்வளவு அடி தாங்குவார் என்ற ஹிட் பாயின்ட் கணக்கை எழுதாதீர்கள், அவர் எழுந்து போகட்டும்.

வாரா வாரம் கொண்டுவந்து வேலை ஏவுவதும் வேண்டாம். தண்ணீர் குறைந்த வருடத்தில் முறை வைத்து விடுவதுபோல, ஒரு கேம்பைனுக்கு, அதாவது ஒரு முழுத் தொடர்கதைக்கு, மூன்று முறை. இப்போதைய கேம்பைனில் எனக்கு இரண்டு முடிந்துவிட்டது. அந்த ஒட்டவைத்த நாளை ஆட்டக்காரர்கள் இன்னும் செலவு செய்யவில்லை. யாருக்காகச் செலவு செய்வது என்று வாட்ஸ்அப் குழுவில் புதன்கிழமையிலிருந்து சண்டை நடக்கிறது.