பிளாஸ்டிக் செடியில் பாசி: தேய்ப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்தொட்டிக்குப் பிளாஸ்டிக் செடியோ துணிச் செடியோ வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நினைப்பது ஒன்றுதான்: அழுகாது, வெட்டிவிட வேண்டாம், உரம் போட வேண்டாம், தொல்லையில்லை. சில வாரம் போனதும் இலைமேல் பழுப்பாக ஒரு படலம் வரும். அப்புறம் பச்சைப் புள்ளிகள். இன்னும் விட்டால் இலை ஓரங்களில் கருப்பாக மயிர் முளைத்த மாதிரி ஆகிவிடும். உடனே செடியைப் பிடுங்கி எடுத்துத் தேய்க்கிறோம். தேய்ப்பது சரிதான், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால் பாசி திரும்பவும் வந்து நிற்கும்.

காரணம் செடியில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் சிதைந்து நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேர்கின்றன. நிஜச் செடி இருந்தால் அவற்றை உறிஞ்சி வளரும். பிளாஸ்டிக் செடி எதையும் எடுத்துக்கொள்ளாது. அதனால் பரிமாறிய பந்தியில் பாசி மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. மேலே விளக்கும் எரிந்தால் வேறென்ன வேண்டும் அதற்கு?

விளக்கு விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். நிஜச் செடி வளர்ப்பவர் வெளிச்சத்தைக் குறைக்க யோசித்துத்தான் ஆக வேண்டும், செடி வாடிவிடும். பிளாஸ்டிக் செடி வைத்திருப்பவருக்கு அந்தக் கவலையே இல்லை. தொட்டி விளக்கு எரிவது நாம் பார்த்து ரசிப்பதற்கு மட்டும்தான். அப்படியிருந்தும் காலையில் போட்ட விளக்கை ராத்திரி தூங்கப் போகும்போதுதான் அணைக்கிறோம். ஒரு டைமர் வாங்கி மாட்டுங்கள். 6 முதல் 8 மணி நேரம் தாராளமாகப் போதும், பாசி அதிகம் என்றால் அதையும் குறைக்கலாம். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு விளக்கு எரிகிற மாதிரி வைத்துக்கொண்டால் எந்த இழப்பும் தெரியாது. தொட்டிமேல் ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் முதலில் திரை போடுங்கள், முடிந்தால் தொட்டியை இடம் மாற்றுங்கள். வெயில் படுகிற தொட்டியில் டைமர் இருந்தும் பயனில்லை.

தீனி இரண்டாவது. இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போட்டால் மிச்சம் கல்லுக்கடியில் போய்ச் சேரும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றும்போது தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் சைபன் குழாயைக் கல்லுக்குள் விட்டு அழுக்கை இழுத்து எடுக்க வேண்டும். மேலாக மொண்டு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது வேலைக்கு ஆகாது. இவ்வளவு செய்தும் பாசி அடங்கவில்லை என்றால், தொட்டித் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரையும் டெஸ்ட் கிட்டில் சோதித்துப் பாருங்கள். சில இடங்களில் நைட்ரேட் குழாயிலிருந்தே வருகிறது.

என்ன பாசி என்று பார்க்காமலே வைத்தியம் தொடங்குவது இன்னொரு தவறு. புதுத் தொட்டியில் விரலால் தொட்டாலே கலைகிற பழுப்புத் தூள் படலம் டயாட்டம் என்கிற நுண்ணிய பாசி. தண்ணீரில் இருக்கும் சிலிக்கேட்டை எடுத்து வளர்வது. தொட்டி பக்குவப்பட்டதும் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். இதற்குப் போய் மருந்து ஊற்றத் தேவையில்லை, துடைத்தால் போதும். நகத்தால் சுரண்டினாலும் விடாத பச்சைப் புள்ளி, அதிக வெளிச்சத்தில் அதிகம் வரும். கருப்பு மயிர்ப் பாசி உண்மையில் சிவப்புப் பாசி இனம். இலை விளிம்பில் வேர்விட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும், பிரஷ்ஷுக்கு அசையாது. நீலப்பச்சையாக, வழவழவென்று தோல் மாதிரி உரிந்து, ஒரு கெட்ட வாடையும் அடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்கிற ஒருவகை பாக்டீரியா. அதைத் தேய்த்துக் கலைக்காமல் சைபனால் உறிஞ்சி வெளியே எடுப்பதுதான் சரி.

இப்போது கழுவும் வேலைக்கு வருவோம். தொட்டிக்குள்ளேயே செடியைத் தேய்க்காதீர்கள். உதிரும் துண்டுகள் தண்ணீரோடு சுற்றி வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். செடியை வெளியே எடுத்து, பற்பசை படாத மெல்லிய பல் பிரஷ்ஷால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்தாலே பாதிக்கு மேல் போய்விடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், இலை சுருண்டு கோணிக்கொள்ளும். சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் அறவே கூடாது. எத்தனை முறை அலசினாலும் இலை மடிப்பில் கொஞ்சம் தங்கும், அது மீனின் செவுளைப் பாதிக்கும்.

பிரஷ்ஷுக்கு அசையாத பாசிக்கு முதலில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாருங்கள். தனி வாளியில் செடியை ஊறவைத்தால் குமிழ் விடும். கருப்பு மயிர்ப் பாசி சாகும்போது இளஞ்சிவப்பாக நிறம் மாறும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் அதன் கதை முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் தேய்த்தால் விட்டுவிடும். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் எச்சம் பற்றிய பயம் குறைவு. துணிச் செடிக்கு இதுதான் நல்லது, பிளீச் அதன் சாயத்தை வெளுத்துவிடும்.

அதற்கும் மசியாத பிளாஸ்டிக் செடிக்கு மட்டும் பிளீச். வாசனையோ சோப்போ சேராத திரவ பிளீச் 1 பங்குக்கு 19 பங்கு தண்ணீர். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டியதில்லை. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இன்னும் வெளுக்கட்டும் என்று அதே வாளியில் வினிகர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. முடிந்ததும் நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் ஊறவைத்து, முழுதாகக் காயவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது செடியின் அடிப்பாகம். தண்டுகள் செருகியிருக்கும் அந்தக் கட்டைக்குள்ளும் குழல் மாதிரியான தண்டுக்குள்ளும் பிளீச் தண்ணீர் தேங்கி நிற்கும். இலை காய்ந்திருக்கும், அடியை அழுத்தினால் சொட்டுச் சொட்டாக வரும். தண்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் காயவையுங்கள். மூக்கருகே வைத்துப் பார்த்து லேசாக வாடை வந்தாலும் திரும்ப ஊறவைக்க வேண்டும். தண்டுக்குள் கம்பி இருந்து, மேலே உள்ள பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டுத் துரு தெரிந்தால் அந்தச் செடியைத் தூக்கிப் போடுவதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லாச் செடியையும் கல்லையும் பில்டர் ஸ்பாஞ்சையும் ஒரே மூச்சில் குழாயடியில் கழுவுகிற பழக்கம், பாசியைவிட மோசமானது. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா ஸ்பாஞ்சில்தான் அதிகம் குடியிருக்கிறது. கல்லிலும் செடியிலும்கூட உண்டு. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும். அடுத்த சில நாளில் அம்மோனியா ஏறி மீன் திணறும். இந்த வாரம் பாதிச் செடி, மீதி இரண்டு வாரம் கழித்து. ஸ்பாஞ்சை வேறொரு நாளில், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள்.

பாசிக்கொல்லி மருந்து கடைசி வழியாகக்கூட எனக்குப் பிடிப்பதில்லை. செம்பு கலந்தவை இறாலையும் நத்தையையும் கொல்லும். மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், மீன்கள் மேல்பரப்பில் வாய் பிளந்து நிற்கும். யுவி விளக்கு மிதக்கும் பச்சைத் தண்ணீருக்குத்தான் உதவும், இலையில் ஒட்டியதை ஒன்றும் செய்யாது.

சக்கர் மீன் வாங்கி விட்டால் தின்று தீர்த்துவிடும் என்பார்கள். கையளவு தொட்டியில் விடுகிற அந்தக் குட்டி 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், போடும் கழிவும் அந்த அளவுக்கு இருக்கும். பாசிக்கு உணவே அந்தக் கழிவுதானே. நெரைட் நத்தை நன்றாக மேயும், நன்னீரில் பெருகவும் பெருகாது. ஆனால் இலைகளில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டிவைக்கும், அதைச் சுரண்டி எடுப்பது சிரமம்.

இறாலும் மீன் குஞ்சும் இருக்கும் தொட்டியில் பின்பக்கச் செடியின் மெல்லிய பச்சைப் படலத்தை அப்படியே விட்டுவிடலாம், அவை நாள் முழுக்க அதை மேயும். மற்றபடி, அடுத்த முறை வாங்கும்போது இரண்டு செட்டாக வாங்குங்கள். ஒன்று தொட்டியில் இருக்கும்போது மற்றது நிதானமாக ஊறிக் காயட்டும். இலை அகலமாக வழுவழுப்பாக இருந்தால் துடைக்கச் சுலபம், ஊசி ஊசியாகப் பிரிந்த இலைகளுக்குள் பிரஷ் போகாது. கூடவே மேலே மிதக்க ஹார்ன்வார்ட் மாதிரி நிஜச் செடி ஒரு கொத்து போட்டுப் பாருங்கள். மண்ணும் வேண்டாம், தனி உரமும் வேண்டாம், தண்ணீரில் தேங்கும் நைட்ரேட்டை அது எடுத்துக்கொள்ளும்.