முதலில் கறுப்பைப் பாருங்கள்

புகைப்படப் புத்தகம் வாங்கப் போகும்போது என் சட்டைப்பையில் ஒரு மடக்கு லென்ஸ் இருக்கும். நகைக்கடை ஆசாரி வைத்திருப்பாரே, அதே பத்து மடங்கு லென்ஸ். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஆஃப்செட் மெஷினில் 23 வருஷம் நின்ற பழக்கம். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், எனக்குக் கண் முதலில் அச்சில் விழுந்த மைப் புள்ளிக்குத்தான் போகும்.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு வாடிக்கையாளர் பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, "இந்தக் கறுப்பு வேணும்" என்றார். ஃபோர்மேன் அண்ணாச்சி லென்ஸை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதுல புள்ளியே இல்லையேப்பா" என்றார். மூன்று நாள் முட்டிமோதினோம். மையைக் கூட்டினால் நிழல் அடைத்துக்கொண்டது, குறைத்தால் படமே சாம்பலாய் வெளுத்தது. வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் காலண்டரை எடுத்துப் போனார்.

அது கிராவ்யூர் என்று பிறகுதான் தெரிந்தது. ஆஃப்செட்டில் மை எல்லா இடத்திலும் ஒரே கனம். புள்ளி பெரிதாக இருந்தால் இருட்டு, சிறிதாக இருந்தால் வெளிச்சம், அவ்வளவுதான். கிராவ்யூரில் உலோகத்தில் குழி வெட்டுவார்கள். ஆழமான குழி அதிக மை பிடிக்கும். அதனால் இருட்டான இடத்தில் மை நிஜமாகவே தடிமனாக உட்காரும், வெல்வெட் துணி மாதிரி. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் 1952-ஆம் வருஷத்துப் பெரிய புத்தகம், ஓவியர் மத்தீஸ் அட்டை வரைந்தது, பாரிஸில் இப்படித்தான் அச்சானது. ஸ்டெய்டல் என்ற ஜெர்மன் பதிப்பகம் 2014-ல் அதை மறுபடி போட்டார்கள். நல்ல வேலை. நமக்கு அது போதும், மூலத்தின் விலைக்கு ஊரில் நிலம் பார்க்கலாம்.

ஆக, வாங்கப் போன இடத்தில் முதலில் செய்ய வேண்டியது: புத்தகத்திலேயே மிக இருட்டான படத்தைத் தேடிப் பிடியுங்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள், இரவுத் தெரு, எதுவானாலும் சரி. கோட்டின் மடிப்பு தெரிகிறதா, தலைமுடி இழை இழையாக இருக்கிறதா, தார் ஊற்றினமாதிரி அப்பிக்கிடக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் லென்ஸை வைத்ததும் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தால், நாலு கலரிலேயே ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் படம் ட்யூப்லைட்டில் ஒரு நிறம் காட்டும், வெயிலில் இன்னொன்று. சரியான வேலையில் கறுப்போடு ஒன்றிரண்டு சாம்பல் மை சேர்த்து ஓட்டியிருப்பார்கள். ட்யூவோடோன், ட்ரைடோன் என்பது அதுதான். கலர்ப் புத்தகமென்றால் ரெஜிஸ்டர் பாருங்கள், அதாவது எல்லாக் கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. கண் இமையின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிதுங்கி நின்றால் கீழே வைத்துவிடலாம். லென்ஸ் இல்லையா? புத்தகத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் புரட்டுங்கள், பாதி தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

பளபளப்பில் மயங்க வேண்டாம். ஆர்ட் பேப்பர் மினுங்குவது அதன் மேல் பூசிய களிமண்ணால். அருமையான புத்தகங்கள் மங்கிய தாளிலும் உண்டு.

பைண்டிங்குக்கு முதுகின் மேல்பக்கத்தைப் பாருங்கள். தாள்கள் கொத்துக் கொத்தாக மடிந்து தைத்திருந்தால் புத்தகம் மேஜைமேல் மல்லாந்து படுக்கும். வெறும் பசை போட்டு ஒட்டியது என்றால், இரண்டு பக்கம் சேர்ந்த படத்தின் நடுவில் நிற்கிற ஆள் மடிப்புக்குள் மறைந்துபோவார். பத்து தடவை விரித்தால் தாள் கையோடு வந்துவிடும்.

பழைய புத்தகமென்றால் காப்புரிமைப் பக்கத்துக்குப் போங்கள். 10 9 8 7 என்று ஒரு எண் வரிசை இறங்கி வரும். கடைசி எண் 1 என்றால் பெரும்பாலும் முதல் அச்சு, 3 என்றால் மூன்றாவது. நாலைந்து பதிப்பகங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. இந்த வரிசை ஏன் வந்தது என்று எங்களை மாதிரி ஆட்களைக் கேளுங்கள். மறு அச்சுக்குப் புது ஃபிலிம் எடுக்காமல், கடைசி எண்ணை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு ஓட்டலாம். சோம்பேறித்தனத்தில் பிறந்த நல்ல வழக்கம். மேலட்டை கிழியாமல் இருக்கிறதா, நூலக முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை அதில்தான் ஏறி இறங்கும். பக்கங்களை எண்ணுவது எல்லாவற்றையும்விட முக்கியம். நடைபாதையில் கிடைக்கும் படப் புத்தகங்களில் நல்ல படத்தை யாரோ பிளேடு வைத்து அறுத்து ஃப்ரேம் போட்டிருப்பார்கள். நான் 150 ரூபாய்க்கு அள்ளிவிட்டேன் என்று குதித்த ஒன்றில் ஒன்பது தாள் இல்லை.

இதெல்லாம் வாங்குவதற்கு. வாசிப்பது வேறு வேலை, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரரின் 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகம்.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். 1955-56-ல் அந்த நாட்டைக் காரில் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட படம் எடுத்தார். புத்தகத்தில் வைத்தது 83. முதலில் 1958-ல் பாரிஸில் வந்தது, அடுத்த வருஷம் எழுத்தாளர் ஜாக் கெரோவாக் முன்னுரையோடு அமெரிக்காவில். முதல் தடவை பார்த்தபோது, என்ன இது, படம் சாய்ந்திருக்கிறது, மங்கலாயிருக்கிறது, எங்கள் காலண்டரில் வந்திருந்தால் முதலாளி பிளேட்டைத் தூக்கி வீசியிருப்பார் என்றுதான் தோன்றியது. வைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து, எழுத்து எதையும் படிக்காமல், ஒவ்வொரு தாளாக, அடுத்த படம் ஏன் அடுத்ததாக வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு புரட்டினேன்.

ஒரு படத்தில், இரண்டு பனைமரங்களுக்கு நடுவே துணி போர்த்திய கார். கலிஃபோர்னியா. வசதியான வீட்டுக் கார் போல, தூசி படாமல் போர்த்தி வைத்திருக்கிறார்கள். தாளைத் திருப்பினால் அரிசோனா நெடுஞ்சாலை. ஓரத்தில் போர்வை போர்த்திய பிணம், பக்கத்தில் சிலர் சும்மா நிற்கிறார்கள். கார் விபத்து. போர்வைக்குப் போர்வை. தனித்தனியாகச் சுவரில் மாட்டினால் இரண்டும் சாதாரணப் படங்கள்தான். தாளைத் திருப்புகிற அந்த அரை விநாடியில்தான் விஷயம் இருக்கிறது, அது என் கையில் நடக்கிறது. நானும் 23 வருஷம் ஃபாரம், அதாவது அச்சான பெரிய தாள், மடித்திருக்கிறேன், பக்கம் திருப்புவதற்கு இப்படி ஒரு வேலை உண்டென்று அன்றுவரை தெரியாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதல் தடவை முன்னுரையை விட்டுவிட்டு, படக்குறிப்பையும் படிக்காமல், ஒரே உட்காரலில் கடைசிவரை பாருங்கள். இரண்டாவது தடவை திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். ஃபிராங்கில் கொடி வரும், கார் வரும், ஜூக்பாக்ஸ் வரும். முன்னுரையெல்லாம் மூன்றாவது தடவைக்கு. ஃபிராங்க் கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்த 2008 ஸ்டெய்டல் பதிப்பு பழைய புத்தகச் சந்தையில் கிடைத்தால் யோசிக்காதீர்கள். 1958, 1959 பதிப்புகள் லட்சக்கணக்கில் போகும், அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

வேறென்ன வாங்கலாம்? பணம் குறைவென்றால் தேம்ஸ் அண்ட் ஹட்சன் போட்ட ஃபோட்டோஃபைல் வரிசை. கையடக்கம், ஆளுக்கு ஒரு புத்தகம், அச்சும் மோசமில்லை. பத்து சேர்ந்தால் யாருடைய கண் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும், பெரிய புத்தகத்துக்கு அப்புறம் போகலாம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜான் ஷார்கோவ்ஸ்கி 1973-ல் எழுதிய 'லுக்கிங் அட் ஃபோட்டோகிராஃப்ஸ்', நூறு படங்கள் கொண்ட புத்தகம், நல்ல வாத்தியார். பக்கத்துக்கு ஒரு படம், எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டுரை. இரவு ஒன்று படித்தால் மூன்று மாதம் ஓடும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் புகைப்படக்கலை பற்றி 1977-ல் போட்ட கட்டுரைப் புத்தகம் எல்லோரும் சொல்வது. நானும் படித்தேன், நூலகத்தில். அதில் ஒரு படம்கூடக் கிடையாது, என் அலமாரியில் அதற்கு இடமும் கிடையாது. 1955-ல் 503 படங்களோடு வந்த 'மனிதக் குடும்பம்' கண்காட்சிப் புத்தகம் பழைய கடைகளில் மலிவாக மாட்டும். எனக்கு அது கொஞ்சம் கல்யாணப் பத்திரிகை இனிப்பு. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் படம் வைப்பதைப் படிக்க உதவும்.

நம் நாட்டில் இருவரை விடக்கூடாது. ரகுபீர் சிங் கடைசிவரை கலரில்தான் நின்றார், கறுப்பு வெள்ளை நம் மண்ணுக்கு ஒட்டாது என்பது அவர் கட்சி. 1998-ல் வந்த அவருடைய தொகுப்பில் தொடங்கி, தமிழ்நாட்டைப் பற்றியே போட்ட புத்தகத்துக்கு வாருங்கள். இன்னொருவர் தயானிதா சிங். 2008-ல் ஏழு சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றும் விசிறி மடிப்பு. இழுத்தால் ஒரு முழ நீளத்துக்குமேல் போகும், அலமாரிமேல் நிற்க வைத்தால் அதுவே கண்காட்சி. அதில் ஒன்று பத்மநாபபுரம், நம் கன்னியாகுமரி மாவட்டத்து அரண்மனை. மடிப்பு வேலை தெரிந்தவன் சொல்கிறேன், அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது.

காசே இல்லாமல் ஒன்று பார்க்கலாம். லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாணத்து அரசுப் புகைப்படக்காரர், மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த படங்கள் 1858-ல் தொகுதிகளாக வந்தன. அன்று புகைப்படத்தை மையில் அச்சடிப்பது பரவலாகவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் நிஜப் பிரிண்டைத் தனித்தனியாக ஒட்டினார்கள். வானம் வெறுமையாக விழுந்த இடத்தில் நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டியிருக்கிறார் மனுஷன். லண்டன் அருங்காட்சியகங்களின் தளங்களில் பெரிய அளவில் பார்க்கலாம். திருமலை நாயக்கர் மகால் தூண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி பாதுகாப்பது. இதில் நான் அடிபட்டவன். ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு வேளச்சேரிக்கு வந்தேன், கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டில் அடுக்கினேன். 2015 டிசம்பரில் முழங்கால் தண்ணீர். கதைப் புத்தகங்கள் காய்ந்ததும் உப்பிக்கொண்டு பிழைத்தன. ஆர்ட் பேப்பர் புத்தகங்கள் அப்படியே செங்கல். நனைந்தால் அந்தக் களிமண் பூச்சு பசையாகிப் பக்கத்தோடு பக்கம் பிடித்துக்கொள்ளும், காய்ந்தபின் எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே தாளுக்குத் தாள் பட்டர் பேப்பர் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்திருக்கலாம். எனக்கு அன்று ஃப்ரிட்ஜே தண்ணீரில்தான் நின்றது. ஆகவே கீழ்த்தட்டு காலி. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். பெரிய புத்தகங்களைப் படுக்க வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நாலுக்கு மேல் போக வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து வேப்பிலையைப் பக்கங்களுக்குள் வைக்காதீர்கள், கறை ஏறும். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்துப் புரட்டுவதற்கு ஈடான மருந்து கிடையாது.

யாராவது வந்து பார்க்கக் கேட்டால் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொல்வேன். துணிக் கையுறை வேண்டாம், விரலுக்குத் தாள் தெரியாமல் கிழித்துவிடுவார்கள். மேஜைமேல், மேல்மூலையைப் பிடித்துத் திருப்பணும். வடை, காபி அடுத்த அறையில்.