ஃபுல்பிரைட் பணத்துக்குக் கணக்கு: தணிக்கையில் சிக்கவைக்கும் தவறுகள்

அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு ஃபெல்லோஷிப் திட்டத்தில் தணிக்கைக் குறிப்பு விழுந்தால், யாரோ பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. செலவு நியாயமானதாகவே இருக்கும். அதை யார், எப்போது, எந்த விதிப்படி அனுமதித்தார்கள் என்பதற்குத்தான் கோப்பில் ஒரு தாள்கூட இருக்காது.

மாணவர்களையும் ஆய்வாளர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பும் அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டத்தைப் பார்ப்போம். 1946 ஆகஸ்ட் 1-இல் சட்டமானது. போர் முடிந்து வெளிநாடுகளில் தேங்கிக் கிடந்த தளவாடங்களை விற்ற பணம்தான் அதன் தொடக்க நிதி. இன்று அந்நாட்டு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகிறது. 2023 நிதியாண்டில் அது 28 கோடி டாலருக்கு மேல். வெளியுறவுத் துறையிலிருந்து கிளம்பும் பணம், திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கோ இருநாட்டு ஆணையத்துக்கோ போய், அப்புறம் பல்கலைக்கழகம் வழியாகவோ நேரடியாகவோ மாணவர் கைக்கு வருகிறது. இந்தியாவில் அந்த ஆணையம் 1950 ஒப்பந்தத்தில் பிறந்தது. 2008 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அரசும் சம பங்காளி; ஃபுல்பிரைட்-நேரு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பாதை இவ்வளவு நீளமாக இருக்கும்போது, "பணத்தைக் கொடுத்துவிட்டோம், இனி கணக்கு அவர்கள் பாடு" என்று நடுவில் இருப்பவர் கைகழுவுவது பெரிய தவறு. அமெரிக்க மானிய விதிகளின்படி, தனக்கு வந்த மானியத்தில் ஒரு பகுதியைத் துணை மானியமாகப் பிறருக்குக் கொடுக்கும் நிறுவனம், வாங்குபவரின் நிலையை முன்பே எடைபோட வேண்டும், நடுவிலும் கண்காணிக்க வேண்டும். ஆண்டுத் தணிக்கை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தால் போதாது. ஆண்டுக்கு 7,50,000 டாலர் கூட்டரசு நிதியைச் செலவிடும் அமெரிக்க நிறுவனத்துக்கு முழுத் தணிக்கை கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அந்த வரம்பு 10 லட்சம் டாலர். வரம்புக்குக் கீழே நிற்கும் சிறிய நிறுவனங்களைப் பணம் கொடுத்தவர்தான் கண்காணித்தாக வேண்டும்.

விமான டிக்கெட்டில் சிக்குகிறவர்கள் ஏராளம். அமெரிக்க அரசுப் பணத்தில் பறந்தால் பொதுவாக அமெரிக்க விமான நிறுவனத்தின் டிக்கெட் வேண்டும். சென்னையிலிருந்து பாஸ்டனுக்கு வளைகுடா வழியாக மலிவாகக் கிடைக்கிறதே என்றால் ஆடிட்டர் ஏற்கமாட்டார். விலை குறைவு என்பது விதிவிலக்கு ஆகாது. ஆனால் ஏறுவது ஜெர்மனியின் லுஃப்தான்சா விமானமாக இருந்தாலும், டிக்கெட்டில் அமெரிக்காவின் யுனைட்டெட் நிறுவனத்தின் விமான எண் அச்சாகியிருந்தால் சரி. அதனால் டிக்கெட்டின் நகல் கோப்பில் இருக்க வேண்டும், வங்கியில் பணம் கழிந்ததற்கான சீட்டு மட்டும் போதாது.

உதவித்தொகையில் தவறு நேர்மாறாக நடக்கிறது. மாதந்தோறும் நிர்ணயித்த தொகை என்று முடிவான பிறகு மளிகை பில், பேருந்துச் சீட்டு எல்லாம் கேட்டு மாணவரை வாட்டுவதில் பயனில்லை. அவர் எந்தத் தேதியில் வந்தார், எந்தத் தேதி வரை அங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி. உதாரணத்துக்கு, மார்ச் 14-இல் கிளம்பிவிட்டார் என்று பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்புகிறது; பட்டுவாடாப் பேரேட்டிலோ ஏப்ரல், மே தொகையும் போயிருக்கிறது. மின்னஞ்சலைப் பார்ப்பவரும் பணம் அனுப்புபவரும் வேறு வேறு ஆள் என்றால் இது நடக்கத்தான் செய்யும். வரியும் அப்படித்தான்: பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான ஜே விசாவில் வந்தவரின் வரிக்குரிய உதவித்தொகைக்குப் பிடித்தம் 14 சதவீதம், வழக்கமான 30 அல்ல. தவறுதலாகக் கூடுதலாகப் பிடித்துவிட்டால் நட்டம் மாணவருக்குத்தான்.

பணம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் தணிக்கைக் கேள்விதான். 2025 பிப்ரவரியில் வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதி விடுவிப்பை நிறுத்தி வைத்தபோது, வெளியூரில் வாடகை கட்ட வேண்டிய மாணவர்கள் பரிதவித்தார்கள்.

ரசீதுகளைப் பார்ப்பதோடு கண்காணிப்பு முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான தவறாகக் கருதுகிறேன். யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதுதானே இந்தத் திட்டத்தின் உயிர்! ஃபுல்பிரைட் தேர்வுக்கு இறுதி ஒப்புதல் தர 12 பேர் கொண்ட வாரியம் சட்டப்படி இருக்கிறது. தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களில் கணிசமானோரை டிரம்ப் நிர்வாகம் நிராகரித்துவிட்டது என்று சொல்லி, 2025 ஜூனில் ஏறக்குறைய வாரியம் முழுவதுமே பதவி விலகியது. மதிப்பெண் தாள், தேர்வுக் குழுவின் குறிப்பு, யாராவது முடிவை மாற்றினால் அவர் கையெழுத்தோடு காரணம் — இவை இல்லாத கோப்பில் பண வவுச்சர்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

கடைசிக் கட்டத்தில் அவசரமும் அலட்சியமும் சேர்ந்துகொள்ளும். மானியக் காலம் முடிந்து 120 நாளில் இறுதி அறிக்கைகள் போக வேண்டும். துணை மானியம் பெற்றவருக்கு 90 நாள்தான். இறுதி நிதி அறிக்கை போன நாளிலிருந்து 3 ஆண்டு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். தணிக்கை நடுவில் இருந்தால் அது தீரும்வரை. வெளியுறவுத் துறையின் திட்டங்களைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பரிந்துரை எழுதினால், "ஏற்கிறோம்" என்று பதில் கடிதம் போட்டதும் விஷயம் முடிந்ததாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். செய்து முடித்ததற்கான ஆவணம் போய், அந்த அலுவலகம் அதை ஏற்கும்வரை அந்தப் பரிந்துரை அவர்கள் பட்டியலில் நிலுவையாகவே நிற்கும்.